வெளிச்சம் பட்டதும் உறையும் ஜெல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: ஹைட்ரோஜெல் வெளிச்சம் பட்டால் எப்படி இறுகுகிறது?

தண்ணீரை நிறையப் பிடித்துவைத்திருக்கும் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) வலைதான் ஹைட்ரோஜெல். மெத்தென்ற கான்டாக்ட் லென்ஸும் இந்த இனம்தான். உடம்புக்குள் கசிவை அடைக்க மருத்துவர் ஊற்றும்போது அது திரவமாக இருக்கும். அதில் கலந்திருக்கும் ஒரு மூலக்கூறு ஒளியை உறிஞ்சியதும், பாலிமர் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு நீல விளக்குக் காட்டுகிறார்களே, அங்கேயும் இதே வேதியியல்தான். கலந்த நொடியிலிருந்தே இறுகத் தொடங்கும் பசைகளில் இந்த வசதி இல்லை. இதில் சரியான இடத்தில் தடவி, பார்த்து, திருத்தி, அப்புறம் விளக்கைப் போடலாம்.

கே: ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. நுரையீரல் அறுவையில் காற்றுக் கசிவை அடைக்க, நீலப்பச்சை ஒளியில் இறுகும் ஃபோக்கல்சீல் என்ற ஜெல்லுக்கு அமெரிக்கா 2000இலேயே அனுமதி தந்தது. நுரையீரல் மூச்சுக்கு மூச்சு விரிவதால், ஒட்டினால் மட்டும் போதாது, கூடவே இழுபடவும் வேண்டும். 2017இல் சிட்னி, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் அறிவித்த மெட்ரோ என்ற பசை, திசுக்களுக்கு இழுபடும் தன்மை தரும் எலாஸ்டின் புரதத்திலிருந்து செய்யப்பட்டது. அதை எலியிலும் பன்றியிலும் சோதித்தார்கள்.

கே: புற ஊதா ஒளி உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

நியாயமான பயம். பழைய முறைகளுக்கு 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி வேண்டும். அதனால்தான் 405 நானோமீட்டர் ஊதா ஒளிக்கும், இயோசின் சாயத்தோடு பச்சை ஒளிக்கும் பலர் மாறினார்கள். ஆனால் ஒளியை மாற்றினால் மட்டும் தீராது. இறுகும்போது உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்களும் (எதனோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுகள்) செல்களைத் தாக்கலாம்.

கே: கெரட்டோகோனஸுக்காக (கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய்) என் மகளுக்கு சி3ஆர் என்ற ஒளிச் சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். அதுவும் இதுதானா?

வெளியிலிருந்து ஜெல் எதுவும் வைப்பதில்லை. ஆனால் கருவிழியே (கார்னியா) தண்ணீர் நிறைந்த, கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆன வலை. ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டு ஊறியபின் புற ஊதா ஏ ஒளி காட்டினால் அந்த இழைகள் கூடுதலாகப் பிணைகின்றன. மூல முறையில் ஒளி மட்டும் 30 நிமிடம்; இப்போது விரைவு முறைகளும் உண்டு. கருவிழி 400 மைக்ரானுக்குக் குறைந்தால் உட்புறச் செல்களுக்கு ஆபத்து. அதனால் தடிமன் எவ்வளவு என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். இது நோய் முற்றுவதைத் தடுக்கத்தான். கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கே: தோலுக்கு வெளியிலிருந்தே ஒளி காட்டி உள்ளே இறுக வைக்க முடியுமா?

தோலுக்குச் சற்றுக் கீழே என்றால் முடியும். ஆழத்துக்கு நீல ஒளி போய்ச் சேராது, திசு உறிஞ்சிவிடும். அங்கே எண்டோஸ்கோப் வழியாக ஒளியிழையைக் கொண்டுபோக வேண்டும். ஆழம் வரை ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியை உள்ளேயே நீலமாக மாற்றும் நானோ துகள்கள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன.