நீட் வேண்டாம், முதுமை ஆராய்ச்சி போதும் என்கிறாள் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ பயோ-மேத்ஸ் படிக்கும் உங்கள் பெண், வயதாவதைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்கிறாள்; இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் தாமதமாகத்தான் போடும்.

முதலில், அவள் மனசைப் பிடித்தது எது என்று பாருங்கள். பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சி (உடம்பின் வீக்க எதிர்வினை) மரபணு அளவுக்கு மீறி வேலை செய்வதை 1993-இல் அமெரிக்காவில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழுவினர் கண்டார்கள். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தை முடக்கியதும் இன்சுலின் மறுபடி நன்றாகச் செயல்பட்டது. வளர்சிதை மாற்றமும் அழற்சியும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதற்கு அது வலுவான சான்று. வயது ஏற ஏற, கிருமி எதுவும் இல்லாமலே உடம்பில் லேசான அழற்சி கனன்றுகொண்டிருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அதில் பங்கு உண்டு. 2017-இல் வெளியான கான்டோஸ் என்ற மருந்துப் பரிசோதனை ஆய்வில், மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தைத் தடுத்தபோது, கெட்ட கொழுப்பு குறையாமலே இதயப் பாதிப்புகள் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. இளமையில் கிருமியை விரட்டும் மரபணுவே முதுமையில் ரத்தக்குழாயைக் கெடுக்கிறது. இதை எப்படிச் சரிக்கட்டுவது என்பதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. அவளுக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.

இதற்கென்று தனிப் பெயருள்ள பட்டத்தைத் தேடி அலையாதீர்கள். ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படிப்பு நல்ல வழி. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். அதற்கான ஐஏடி நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சம எடை. அது கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி உயிர்வேதியியல், பிறகு எம்எஸ்சி. ஜீனோமிக்ஸ் (மரபணுத் தொகுதி பற்றிய படிப்பு) என்று பலகை மாட்டி லட்சக்கணக்கில் கேட்கும் கல்லூரி என்றால், பணம் கட்டும் முன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். டிஎன்ஏவைப் பல நகல் எடுக்கும் பிசிஆர் இயந்திரத்தை மாணவர்கள் தொடுகிறார்களா, கண்ணாடி அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

கணிதத்தை மட்டும் விடவே கூடாது. ஒரே திசு மாதிரியில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் அளவுகள் வரும். புள்ளியியல் தெரியாதவர் அதன் முன்னால் திகைத்து நிற்பார்.

முனைவர் பட்டம் முடிய முப்பது வயதை நெருங்கிவிடும். மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் அமைப்பு ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தரும் ஜேஆர்எஃப் கிடைத்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும்; அப்போது உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. நிரந்தரப் பேராசிரியர் பணி குறைவு, போட்டி அதிகம். மருந்து நிறுவனங்கள், மருத்துவப் பரிசோதனை ஆய்வுகள், உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசும் உயிரித் தகவலியல் ஆகியவற்றிலும் இடம் உண்டு. இதை அவளிடம் இப்போதே மறைக்காமல் சொல்லுங்கள். கேட்ட பிறகும் பிடிவாதமாக நின்றால், ஐஏடி விண்ணப்பத் தேதியைப் பார்த்து வையுங்கள்.