வேட்பாளர் தேடுவதற்கு முன்

வணக்கம் அண்ணை,

தென்மராட்சியில் இருந்து எழுதுகிறேன். ஆசிரியர்கள், கம்பஸ் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள், ஒரு தாதி என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறுகளில் எங்கள் சனசமூக நிலையத்தில் கூடி வாசிக்கிறோம், கதைக்கிறோம். எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இடது பக்கம் சாய்ந்தவர்கள். அமெரிக்காவில் முற்போக்காளர்கள் வாஷிங்டனை நம்பிக்கொண்டிராமல் மாநில மட்டத்தில் அடிமட்டத்தில் இருந்து வேலை செய்வதைப் பற்றி அண்மையில் வாசித்தோம். எங்களுக்கும் மாகாணம் இருக்கிறதுதானே என்று ஒரு யோசனை வந்தது. மாகாண சபைத் தேர்தல் எப்போது வந்தாலும் ஒரு சுயேச்சைக் குழுவாக நிற்கலாம் என்று இப்பவே வேட்பாளர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறோம். ஊரில் பெரியவர்கள் “முதல் எங்கட தேசியப் பிரச்சினை முடியட்டும், பிறகு உந்த இடதுசாரிக் கதையைப் பாப்பம்” என்கிறார்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன?

வி.

அன்புள்ள தங்கச்சி,

வேட்பாளர் தேடுவதை முதலில் நிற்பாட்டுங்கள். கோபிக்க வேண்டாம். அந்தப் பேச்சு எடுபட்ட நாளோடு உங்கள் ஞாயிறுக் கூட்டம் வேறு கூட்டமாகிவிடும். யாருக்கு எந்தப் பக்கம் சொந்தக்காரர் கூட, யாரால் வெளிநாட்டில் இருந்து காசு எடுக்க முடியும், யாருடைய சாதிக்கு எந்த வட்டாரத்தில் எத்தனை வாக்கு என்று ஒரு கணக்கு ஓடத் தொடங்கும், அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோர் தலைக்குள்ளும் அது ஓடும். நியமனப் பத்திரம் வரை வந்து அதோடு கலைந்துபோன நல்ல குழுக்கள் யாழ்ப்பாணத்தில் கனக்க.

நீங்கள் அமெரிக்காவைச் சொன்னபடியால் அங்கிருந்தே ஒன்றைச் சொல்கிறேன், இன்றைய கதை இல்லை, நூறு வருசத்துக்கு மேலான கதை. வட டகோட்டா என்று கனடா எல்லையில் ஒரு மாநிலம். கோதுமைதான் அங்கே எல்லாம். தானியத்தைத் தரம் பிரித்து விலை வைப்பது அடுத்த மாநிலத்தில், மினியாபொலிஸில் இருந்த ஆலை முதலாளிகளும் தானிய வியாபாரிகளும், ஏற்றி இறக்குவது ரயில் கம்பனி, விதைப்புக்குக் கடன் கொடுப்பது வங்கி, மூன்று பேரும் தங்கள் பங்கை எடுத்த பிறகு விவசாயிக்கு மிஞ்சுவதுதான் விலை. ஆளிப்பயிர் செய்து நொடித்துப்போன ஆர்தர் டவுன்லி என்பவர் 1915 இல் கட்சிசாரா லீக் என்று ஒரு சங்கம் தொடங்கினார். அதற்கு முன் அவர் சோசலிஸ்ட் கட்சிக்கு ஆள் சேர்த்தவர். லீக்கின் ஆட்கள் ஃபோர்ட் காரில் தோட்டம் தோட்டமாகப் போய் விவசாயியோடு கதைத்து, சந்தாவையும் அந்த இடத்திலேயே வாங்கினார்கள். சும்மா கையெழுத்து இல்லை, காசு. கையில் காசு இல்லாதவரிடம் அறுவடைக்குப் பிந்திய திகதி போட்ட காசோலையை வாங்கினார்கள். எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கடனில் கிடக்கிற மனிசனிடம் காசு கேட்பது கொடுமை மாதிரித் தெரியும், ஆனால் காசு கொடுத்தவன்தான் அடுத்த கூட்டத்துக்கு வந்து “என்ன செய்தனீங்கள்?” என்று கேட்பான்.

லீக் தனிக்கட்சி தொடங்கவில்லை. 1916 இல் குடியரசுக் கட்சி தன் வேட்பாளர்களைத் தெரிகிற உட்தேர்தலுக்குள் புகுந்து தங்கள் ஆட்களை நிறுத்தி வென்றது. லின் ஃபிரேசியர் என்ற விவசாயி ஆளுநரானார். 1919 இல் மாநில அரசே ஒரு வங்கி தொடங்கியது, மாநிலத்துக்கே சொந்தமான மா ஆலைக்கும் அதே வருசம் சட்டம் செய்தார்கள். பிறகு எதிர்ப்பு கிளம்பி 1921 இல் மக்கள் வாக்கெடுப்பிலேயே ஃபிரேசியரை இறக்கினார்கள், அந்த நாட்டில் அப்படி இறக்கப்பட்ட முதல் மாநில ஆளுநர் அவர்தான். ஆள் போனார், வங்கி போகவில்லை, இன்றைக்கும் நடக்கிறது. ஆலையும் நடக்கிறது. சங்கம் முதல், கோரிக்கை அடுத்தது, வேட்பாளர் மூன்றாவது. நீங்கள் மூன்றாவதில் இருந்து தொடங்குகிறீர்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அமெரிக்க மாநிலம் தானே வரி போடும், தானே வங்கி திறக்கும். எங்கள் மாகாணம் அப்படி இல்லை. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தோடு வந்த மாகாண சபைச் சட்டத்தின்படி, காசு சம்பந்தப்பட்ட ஒரு நியதிச்சட்டத்தை, அதாவது மாகாணம் ஆக்கும் சட்டத்தை, ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபையில் முன்வைக்கவே முடியாது. அந்த ஆளுநர் எங்கள் வாக்கால் வருபவர் அல்ல, ஜனாதிபதி நியமிப்பவர். காணி, பொலிஸ் அதிகாரங்கள் கடதாசியில் மட்டும் இருக்கின்றன. 2013 செப்டெம்பரில் 38 ஆசனங்களில் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்து வடக்குச் சனம் ஒரு சபையைத் தெரிந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதற்குள் 2017 இல் தேர்தல் முறையை மாற்றும் சட்டத்தைக் கொண்டுவந்து, அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது, சமர்ப்பித்த அமைச்சரே எதிராக வாக்களித்தார் என்றால் பாருங்கள். அன்றில் இருந்து தேர்தல் இழுபடுகிறது.

தேர்தல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்டுப் போராட வேண்டும். ஆனால் அது வரும்வரை மாகாணத்தில் ஒன்றும் செய்யேலாது என்று நினைப்பதுதான் பிழை. கூட்டுறவு மாகாண விடயம். சபை இல்லாவிட்டாலும் மாகாணக் கூட்டுறவுத் திணைக்களம் நடக்கிறது, அதன் கீழே ஊருக்கு ஊர் சங்கங்கள் இருக்கின்றன. பல நோக்குக் கூட்டுறவுச் சங்கம், சிக்கனக் கடனுதவிச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், பனை தென்னை வள அபிவிருத்திச் சங்கம். இது போக கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், நீங்கள் இருந்து வாசிக்கிற சனசமூக நிலையம். அமெரிக்க விவசாயிகள் வெறும் வெளியில் கட்டியதை எங்கள் பாட்டன்மார் ஏற்கனவே கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூளாயில் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாகக் கட்டி நடத்தியவர்கள் அவர்கள். பட்டணத்தில் கூட்டம் என்றால் நாங்கள் எல்லோரும் போகிற வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரில் நிற்கிறது.

சங்கம் இருக்கிறது, உயிர் இருக்கிறதா என்பது வேறு. கொஞ்சக் காலத்துக்கு முன் ஒரு கிராமத்துக் கடனுதவிச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். பத்து மணிக் கூட்டம். கோரம் காணாமல் ஒரு பெடியனை மோட்டார் சைக்கிளில் அனுப்பி ஆட்களைக் கூட்டிவந்து தொடங்கும்போது பதினொன்று ஆகப்போகிறது. செயலாளர் போன கூட்ட அறிக்கையைத் தேவாரம் பாடி முடிக்கிற வேகத்தில் வாசித்தார். கணக்கறிக்கையின் பிரதிகள் முன்வரிசைக் கதிரைகளோடு முடிந்துவிட்டன, அங்கே இருந்தது ஆம்பிளைகள். உறுப்பினரில் அரைவாசிக்கு மேல் பெண்கள், அவர்கள் பின்னால், வாசலோரமாக. பழைய நிர்வாகத்தையே ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய, காரியம் முடிந்தது என்று எல்லோரும் தேத்தண்ணீருக்கு எழும்பப்போன நேரம் பின்னால் இருந்து ஒரு அம்மா கேட்டார்: “சங்கக் காசு வங்கியில நிலையான வைப்பில கிடக்குது எண்டு வாசிச்சியள். நாங்கள் கிழமைக்குக் கிழமை ஃபைனான்ஸ்காரனுக்கு வட்டி கட்டுறம். அந்தக் காசை எங்களுக்குக் கடனாத் தந்தா என்ன?”

தலைவர் “அதைப் பிறகு கதைப்பம்” என்றார். ரோல்ஸும் தேத்தண்ணீரும் வந்தன.

அந்தக் கேள்விக்குள் எல்லாம் இருக்கிறது. போருக்குப் பிறகு நுண்கடன் கம்பனிகள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தன. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், தவணை தவறினால் வாசலில் வந்து இருந்து சத்தம் போடுகிற ஆள், சாட்சிக் கையெழுத்து வைத்த அயல் வீட்டுக்காரியோடு பகை. பெண்கள் வீதியில் இறங்கிய பிறகுதான் 2018 இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்துக்கு இறங்கிவந்தது. 2021 இல் பொலனறுவையில், ஹிங்குராக்கொடையில், சிங்களப் பெண்கள் இதே கடனுக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்த அம்மாவின் பிரச்சினையும் அவர்களின் பிரச்சினையும் ஒன்று என்று விளங்கப்படுத்த உங்களுக்கு ஒரு புத்தகமும் தேவையில்லை, இரண்டு பேரின் கடன் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காணும்.

உங்கள் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் உங்கள் ஊர்ச் சங்கங்களில் உறுப்பினர்? எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன்.

இனிப் பெரியவர்களின் கதை. “முதல் தேசியப் பிரச்சினை” என்பது புதுக் கதை இல்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சண்முகதாசனின் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாதிக்கு எதிராக ஊர்வலம் போனபோதும், அடுத்த வருசம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானபோதும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சனம் உள்ளே விடச் சொல்லி நின்றபோதும் இதைத்தான் சொன்னார்கள். தமிழர் ஒற்றுமை குலையுமாம். தேத்தண்ணீர்க் கடையில் ஒரு பகுதிச் சனத்துக்குப் போத்தலில் ஊற்றிக் கொடுத்த காலம் அது. சாதியைச் சொல்லித் தடுப்பதற்கு எதிராக 1957 இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் சட்டம் கடைக்குள் போய் இருந்து தேத்தண்ணீர் குடிக்கவில்லை. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் ஆட்கள் போய் இருந்தார்கள், அடி வாங்கினார்கள், உயிரும் போனது. அந்த இயக்கம் ஊர்க் குழுக்களால் நடந்தது, தேர்தலுக்காகத் தொடங்கியது அல்ல. யாழ்ப்பாணத்தில் இடதுசாரிகள் செய்ததில் நின்று நிலைத்த வேலை என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன், 1956 பாராளுமன்றத் தேர்தலில் பருத்தித்துறையில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையா வென்றதைக் கூட இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

ஆனால் பெரியவர்களின் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று எறிந்துவிடாதீர்கள். தெற்கின் பெரிய இடதுசாரிக் கட்சிகள் 1964 இல் தொடங்கி அரசாங்கக் கதிரைக்காக எங்களை விட்டுக்கொடுத்தார்கள். பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த 1972 அரசியலமைப்பை ஆக்கிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, அந்த இடதுசாரிக் கட்சிகளில் ஒன்றான லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். இடது என்றவுடன் எங்கள் ஊரில் ஒரு தலைமுறை முகத்தைத் திருப்புவதற்கு அது காணும். ஆகவே காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், இராணுவம், அதிகாரப் பகிர்வு பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று கேட்டால் மழுப்பாமல் சொல்லத் தெரிய வேண்டும். இதையும் வயிற்றுப் பாட்டையும் பிரிக்க முடியாது என்பதற்கு இரணைதீவைப் பாருங்கள். கிளிநொச்சிக் கரைக்கு அப்பால், கடற்படை விடாத தங்கள் தீவுக்கு 2018 ஏப்ரலில் மீனவக் குடும்பங்கள் தாங்களே வள்ளங்களைக் கட்டிக்கொண்டு போய் இறங்கின. அது காணிப் போராட்டமா, தொழில் போராட்டமா? ஒரு வருசம் கரையில் கொட்டில் போட்டு இருந்த பெண்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள்.

கடற்கரைச் சங்கங்களைப் பற்றி இன்னொன்று. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழிலைத் தடை செய்த 2017 சட்டத்திருத்தத்தைப் பாராளுமன்றத்தில் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்தவர் அப்போது கூட்டமைப்பு எம்.பி.யாக இருந்த சுமந்திரன், ஆனால் அதற்குப் பின்னால் எங்கள் கடற்றொழிலாளர் சங்கங்களும் சமாசங்களும் பல வருசமாக நடத்திய மறியலும் மனுவும் இருந்தன. சட்டம் வந்தும் இந்திய இழுவைப் படகுகள் வருகின்றன, அது வேறு சண்டை. எங்கள் பிரதிநிதிகள் பேசியது கூட, பின்னால் ஆட்கள் நின்றபடியால்தான்.

வாக்கை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதையும் கண்முன்னே கண்டோம். 2024 நவம்பரில் யாழ் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை, ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்த அதே சனம், ஆறு மாதம் கழித்து உள்ளூராட்சித் தேர்தலில் பெரும்பாலான சபைகளில் தமிழரசுக் கட்சியைத் திரும்ப முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. சனம் ஏமாந்தது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை, கட்டிவைக்க ஒரு சங்கமும் இல்லாத வாக்கு அப்படித்தான் போய்வரும்.

சரி, என்ன செய்வது என்று கேட்பீர்கள். கடனுதவிச் சங்கத்தில் சேருங்கள், பங்குப் பணத்தைக் கட்டுங்கள், பொதுக்கூட்டத்துக்கு நேரத்துக்குப் போங்கள், கணக்கறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். உங்களில் கணக்கியல் படித்த ஒருவராவது இருப்பார், அவர் அதை வாசித்துப் பின்வரிசைக்கு விளங்கப்படுத்தட்டும். ஒரே நேரத்தில் எல்லோரும் ஒரு சங்கத்துக்குள் போய் நிர்வாகத்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், பழைய ஆட்கள் பயந்து கதவைச் சாத்திவிடுவார்கள், அவர்களும் கெட்டவர்கள் இல்லை, சண்டைக் காலத்திலும் சங்கத்தின் திறப்பைக் கையில் வைத்துக் காத்தவர்கள் பலர். அதோடு உங்கள் பன்னிரண்டு பேரும் எந்தெந்தக் குறிச்சியில் இருந்து வருகிறீர்கள் என்று ஒருதரம் பாருங்கள். எல்லோரும் வீதிக்கு ஒரே பக்கத்து ஆட்கள் என்றால் அதை முதலில் கதைக்க வேண்டும், வெட்கமாக இருந்தாலும்.

உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பிரதேச சபையிலும் அப்படி வந்த பெண்கள் இருப்பார்கள், பலர் கட்சி நியமனத்தில் வந்து சபையில் வாய் திறக்க விடப்படாமல் இருப்பவர்கள். கட்சி எது என்று பார்க்காமல் அவர்களில் ஒருவரை உங்கள் ஞாயிறுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, சபையின் பாதீடு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். என்னையும் கூப்பிட்டால் வருவேன், ஆனால் பின்னேரத்தில் வையுங்கள், காலையில் வைத்தால் டியூசன் விட்டுவரும் பிள்ளைகளை ஏற்றப் போகவேண்டும் என்று தாய்மார் ஒருவரும் வரமாட்டார்கள்.

அன்புடன்,
அண்ணை