மின்னூட்டமே இல்லாத அணுக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன?

குமுளியில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. வெள்ளையாக உறைந்து கிடக்கும். மலையிறங்கிக் கம்பம் வந்தால் வெயிலில் தானாக இளகிவிடும். அதை உறைய வைப்பது வான் டெர் வால்ஸ் விசை. அதாவது, மின்னூட்டம் இல்லாத அணுக்களுக்கும் மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பு.

மின்னூட்டம் இல்லையென்றால் ஈர்ப்பு எப்படி வரும்? சரி, எலக்ட்ரான்களைப் பாருங்கள். அவை ஓயாமல் அலைவதால், கண நேரத்துக்கு அணுவின் ஒரு பக்கம் சற்றுக் கூடிவிடும். அந்தப் பக்கம் எதிர்மின், மறுபக்கம் நேர்மின். பக்கத்து அணுவின் எலக்ட்ரான்களும் அதற்கேற்ப ஒதுங்க, இரண்டும் நெருங்குகின்றன. அடுத்த கணம் பக்கங்கள் மாறும். ஈர்ப்பு மட்டும் மாறாது. 1930-இல் ஃப்ரிட்ஸ் லண்டன் என்ற இயற்பியலாளர் இதை விளக்கினார். எனக்கு இன்றும் வியப்பு தீராத விளக்கம் இது.

இடைவெளி இரட்டித்தாலே ஈர்ப்பாற்றல் 64-இல் ஒரு பங்காகிவிடும். அதனால் நெருக்கம் முக்கியம். சுவர்ப்பல்லியின் விரலடியில் எண்ணற்ற நுண்மயிர்கள் சுவரை ஒட்டி உரசுவதால்தான், பசையே இல்லாமல் அது கூரையில் தலைகீழாக நிற்கிறது.

எண்ணெய் உருகும்போது மூலக்கூறுகள் உடைவதாகப் பலர் நினைக்கிறார்கள். உடைவதில்லை; அவற்றுக்கு இடையிலான இந்தப் பிடிதான் தளர்கிறது.