எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் போதுமா?

கேள்வி: மருமகளுக்கு இது மூன்றாவது மாதம். எங்கள் தாமானில் டிங்கி பரவுவதால் வீட்டில் எல்லாரும் நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறோம். சினை எலிகளுக்கு இதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்ததில் ஒரு கெடுதலும் இல்லை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அவளுக்கும் கொடுக்கலாம்தானே?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம் அம்மா, கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு வந்தது பாதிச் செய்தி. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், நிலவேம்புச் சாறு கொடுத்த சினை எலிகளின் உடலில், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனின் அளவு மாறவில்லை என்பது உண்மை. ஆனால் 1989இல் வெளியான இன்னொன்றில், பெண் சுண்டெலிகளுக்கு ஆறு வாரம் நிலவேம்புப் பொடியைக் கொடுத்தபோது ஒன்றுகூடச் சினைப்படவில்லை. இதை ஏன் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை?

சரி, எல்லா எலி ஆய்வும் நல்லதே சொல்லியிருந்தாலும் என் பதில் மாறாது. தாலிடோமைடு என்ற மாத்திரை 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கு அதை விழுங்கிய தாய்மார்களுக்குக் கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். 1961இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் சினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால், குட்டிகளுக்கு அந்த ஊனம் வரவில்லை. முயலுக்கும் குரங்குக்கும் வந்தது. எலிக்குக் கேடு வந்தால் நாம் விலகி நிற்க அது போதும். எலி பிழைத்தது என்பதற்காக வயிற்றுப் பிள்ளையோடு துணியக்கூடாது.

அதற்காக எல்லாவற்றுக்கும் நடுங்கவும் வேண்டாம். நம் வீடுகளில் கர்ப்பிணியின் கண்ணில்கூடப் பப்பாளியைக் காட்டமாட்டார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2002இல் இதை எலிகளிடம் சோதித்தார்கள். பழுத்த பப்பாளி கர்ப்பத்தைக் கெடுக்கவில்லை. காயின் பால்தான் எலியின் கருப்பையைச் சுருங்க வைத்தது. ஆகவே காயையும் செங்காயையும் தள்ளி வையுங்கள். நன்றாகப் பழுத்ததை அவள் ஆசைப்பட்டு இரண்டு துண்டு சாப்பிட்டால் ஏசாதீர்கள்.

கடையில் விற்கும் நிலவேம்பு மருந்தின் பெட்டியில் மால் (MAL) என்ற அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்லக்கூடும். டி (T) என்ற எழுத்தில் முடியும் அந்த எண், பாரம்பரிய மருந்தாகப் பதிவானதற்கான அடையாளம். கர்ப்பிணிகளிடம் சோதித்ததாகப் பொருள் இல்லை. நீங்கள் வீட்டில் காய்ச்சும் கஷாயத்துக்கோ அந்த எண்ணும் கிடையாது, கணக்கான அளவும் கிடையாது.

டிங்கி பயம் நியாயமானதுதான். கொசுவலை கட்டுங்கள், பூந்தொட்டித் தட்டிலும் குளியலறைத் தொட்டியிலும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். அவளுக்குக் காய்ச்சல் கண்டால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ஏற்கெனவே கஷாயம் குடித்திருந்தால் பதற வேண்டாம். ஆனால் மறைக்கவும் வேண்டாம். கர்ப்பகாலப் பரிசோதனைகளைக் குறிக்கும் பிங்க் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் மிஸ்ஸியிடமோ (தாதியிடமோ) டாக்டரிடமோ எத்தனை நாள், எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள்.