கணக்கியல் கற்க இத்தாலி வரை போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பி.காம். இறுதியாண்டு படிக்கிறாள். கோடை விடுமுறையில் மாணவர்களை மூன்று வாரம் இத்தாலிக்கும் லண்டனுக்கும் அழைத்துச் சென்று கணக்கியல் கற்பிக்கும் பயிற்சி ஒன்றை அவளுடைய கல்லூரி அறிவித்திருக்கிறது. பழைய வணிகர் மாளிகைகள், ஆவணக் காப்பகங்கள், இன்றைய தணிக்கை நிறுவனங்கள் எல்லாம் பட்டியலில் உள்ளன. செலவு எங்கள் சக்திக்குச் சிறியதன்று. பற்று வரவு படிக்க அருங்காட்சியகத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். அனுப்பலாமா?
– மதுரை வாசகர்

பதில்: உங்கள் வீட்டில் எழுந்த கேள்வி நியாயமானதே. எது பற்று, எது வரவு என்று தெரிந்துகொள்ள யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை; ஒரு நல்ல ஆசிரியரும் போதிய பயிற்சிக் கணக்குகளும் இருந்தால் போதும். ஆனால், அந்த விதிகள் ஏன் அப்படி அமைந்தன, யாருடைய எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தன என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதைச் சொல்லும் ஏடுகள் இத்தாலியில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. ஆகவே, அந்த ஏடுகளின் பக்கங்களை மாணவர்கள் உட்கார்ந்து படிக்கும்படி பயணத்திட்டம் அமைந்திருக்கிறதா என்று கல்லூரியில் கேளுங்கள். ஆம் என்றால், முடிந்தால் அனுப்புங்கள். மாளிகைகளின் முன் நின்று படமெடுத்துத் திரும்பும் திட்டமென்றால், அந்தப் பணத்தை அவளுடைய தொழிற்படிப்புக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

ஏட்டைப் படிப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். பிரான்ஸின் தென்பகுதியில் உள்ள சலோன் என்ற ஊரில் ஃபரோல்ஃபி என்ற ஃபிளாரன்ஸ் வணிக நிறுவனம் கடை நடத்தியது. 1299, 1300ஆம் ஆண்டுகளுக்கான அதன் பேரேட்டின் (கணக்குவாரியாகப் பிரித்து எழுதும் ஏட்டின்) ஒரு பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதியவர் அமதினோ மனுச்சி. அந்த நிறுவனம் கடைக்கு நான்காண்டு வாடகையை முன்கூட்டியே கொடுத்திருக்கிறது. ஆண்டு முடிந்ததும் மனுச்சி அந்தத் தொகை முழுவதையும் செலவாக எழுதிவிடவில்லை; ஓராண்டுக்குரிய நான்கில் ஒரு பங்கை மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதியை வரும் ஆண்டுகளுக்காக முன்கொண்டு சென்றிருக்கிறார். நம் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் ‘முன்கூட்டிச் செலுத்திய வாடகை’ என்று சரிக்கட்டுதல் பதிவாக மனப்பாடம் செய்வதும் இதுவேதான். ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்றிலும் வரவிலுமாக இருமுறை எழுதும் இரட்டைப் பதிவு முறையைப் பற்றிய முதல் அச்சு நூல் வெளிவருவதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே, நடைமுறைக் கணக்கர் ஒருவர் தம் முதலாளிகளுக்கு உண்மையான இலாபத்தைக் காட்ட வேண்டியிருந்ததால் அதைச் செய்தார். இதை நகலிலேனும் ஒருமுறை வரிவரியாகப் படித்த மாணவிக்கு, அந்தப் பதிவு பிறகு ஒருபோதும் மறக்காது.

பிராத்தோவைத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஃபிளாரன்ஸிலிருந்து சிறிது நேர ரயில் பயணத்தில் உள்ள இவ்வூரில் வாழ்ந்தவர் பிரான்செஸ்கோ தத்தினி என்ற வணிகர். 1410இல் மறைந்த அவர் தம் சொத்தை ஏழைகளுக்கான அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அவருடைய கடிதங்களும் கணக்கேடுகளும் அந்த வீட்டிலேயே ஒதுக்கப்பட்டுக் கிடந்து, 1870இல் கண்டெடுக்கப்பட்டன. ஏறத்தாழ 1,50,000 கடிதங்கள், 500க்கும் மேற்பட்ட கணக்கேடுகள். அவ்வூரின் அரசு ஆவணக் காப்பகம் இன்று அவருடைய மாளிகையிலேயே இயங்குகிறது. தத்தினிக்கு அவிஞ்ஞோன், பிசா, ஜெனோவா, பார்சிலோனா, வலென்சியா, மயோர்க்கா ஆகிய இடங்களில் கூட்டு நிறுவனங்கள் இருந்தன. கடிதம் போய்ச் சேரவே பல நாள் ஆகும் அக்காலத்தில், கண்ணுக்கெட்டாத தூரத்தில் தம் பணத்தை வைத்துத் தொழில் நடத்தும் கூட்டாளியை அவர் எப்படி நம்பினார் என்ற கேள்விக்கு அந்த ஏடுகளும், கிளைகளிலிருந்து வந்த, சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்புகளும், இடைவிடாத கடிதங்களும்தான் விடை. இன்றைய பங்குதாரர் நிறுவன ஆண்டறிக்கையைக் கையிலெடுக்கும்போது கேட்பதும் இதே கேள்வியைத்தான். என்னைக் கேட்டால், மூன்று வாரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றாலும் பிராத்தோவைத்தான் சொல்வேன்.

சியென்னாவுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். அந்நகரக் கருவூலமான பிக்கெர்னாவின் கணக்கேடுகளுக்கு மர அட்டை போட்டு, அதில் ஓவியம் தீட்டும் வழக்கம் இருந்தது; 1258 தொடங்கி வரையப்பட்ட அந்த அட்டைகள் அங்குள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் காட்சிக்கு உள்ளன. முதல் அட்டையில் இருப்பவர் ஒரு துறவி. நகரின் கருவூலப் பொறுப்பைத் துறவிகளிடம் கொடுத்தார்கள். பொறுப்பாளர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். பணத்தைக் கையாள்பவருக்கு அதில் சொந்த ஆதாயம் இருக்கக் கூடாது, ஒரே கையில் நெடுநாள் இருக்கவும் கூடாது என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டில் தெரிகிறது. தணிக்கைத் தாளில் ‘சார்பின்மை’, ‘சுழற்சி’ என்று உங்கள் மகள் படிக்கும் இரண்டு தலைப்புகளும் அங்கே கண்ணெதிரே நிற்கும்.

வெனிஸும் பட்டியலில் இருக்கும் என்று நினைக்கிறேன். லூக்கா பச்சோலியின் கணித நூல் 1494இல் அங்கேதான் அச்சானது. அதிலுள்ள கணக்கியல் பகுதியே நான் மேலே குறிப்பிட்ட முதல் அச்சு நூல். அவர் பிறந்த சான்செபோல்க்ரோவில் அவருக்குச் சிலை இருக்கிறது. நேரம் குறைவென்றால் அதை விட்டுவிடலாம், நூலை விடக் கூடாது.

கேள்வி: இப்படியொரு பயணத்துக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. போவதற்கு முன் என்ன தயாரிப்புச் செய்ய வேண்டும்?
– பி.காம். மாணவி, திருநெல்வேலி

பதில்: முதலில், கணினியை மூடிவைத்துவிட்டு, ஒரு சிறிய கடையின் ஒரு மாதக் கணக்கைக் கையால் எழுதிப் பாருங்கள். பச்சோலி மூன்று ஏடுகள் வேண்டும் என்கிறார்: நடந்ததை நடந்தபடியே உடனுக்குடன் எழுதும் நினைவேடு, அதை முறைப்படுத்தி எழுதும் குறிப்பேடு, கணக்குவாரியாகப் பிரிக்கும் பேரேடு. குறிப்பேட்டிலுள்ள ஒரு பதிவைப் பேரேட்டின் பற்றுப் பக்கத்துக்கு மாற்றியதும் அப்பதிவின் குறுக்கே ஒரு கோடு, வரவுப் பக்கத்துக்கு மாற்றியதும் இன்னொரு கோடு போடச் சொல்கிறார். இரண்டு கோடும் இருந்தால் அப்பதிவு இரண்டு பக்கமும் ஏறிவிட்டது என்று பொருள். மென்பொருள் நமக்குத் தெரியாமலேயே செய்து முடித்துவிடும் இந்த வேலையைக் கையால் செய்த பழக்கம் இருந்தால்தான், பழைய ஏட்டில் குறுக்குக் கோடுகளைப் பார்க்கும்போது அவை அழித்தல் கோடுகள் என்று தவறாக எண்ண மாட்டீர்கள்.

அடுத்து, ரோமன் எண்களைத் தடையில்லாமல் படிக்கப் பழகுங்கள். பிசா நகரத்து லியோனார்தோ, அதாவது ஃபிபொனாச்சி, 1202இல் எழுதிய நூலில் ‘இந்தியர்களின் ஒன்பது எண்கள்’ என்று அறிமுகப்படுத்திய எண்முறையை இத்தாலிய வணிகர்கள் கணக்குப் போடுவதற்குக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஏட்டில் ஏற்றுவதற்கு நெடுங்காலம் தயங்கினார்கள். ஃபிளாரன்ஸின் நாணயமாற்றுவோர் சங்கம் 1299இல் தன் உறுப்பினர்கள் கணக்கேடுகளில் அந்த எண்களை எழுதக் கூடாது என்றும், தொகையை எழுத்தால் வெளிப்படையாக எழுத வேண்டும் என்றும் விதித்தது. புதிய எண்களைத் திருத்துவது எளிது என்ற அச்சம் அதற்கொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நாம் காசோலையில் தொகையை இன்றும் எழுத்தாலும் எழுதுகிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சங்கத்தாரைப் பழமைவாதிகள் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இத்தாலிக்கான ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால் நேரத்தோடு தொடங்குங்கள். காப்பகத்தில் ஏடுகளைக் காட்டச் சொல்வதற்கும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியிருக்கும். அதைப் பயிற்சியை நடத்துபவர்கள் செய்துவிட்டார்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: லண்டனில் பெரிய தணிக்கை நிறுவனங்களுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால், பளபளப்பான கூட்ட அறையில் நிறுவனத்தின் பெருமையைப் பேசி அனுப்பிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– கணக்கியல் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

பதில்: அப்படி முடிந்துவிடும் அபாயம் உண்மையிலேயே உண்டு. நிறுவனங்களுக்கு அது ஆள் தேடும் வாய்ப்பு. அதைக் குறை சொல்வதற்கில்லை. அந்த நேரத்தைப் பயனுள்ளதாக்குவது மாணவர்கள் கொண்டுசெல்லும் கேள்விகள்தாம். உங்கள் மாணவர்களிடம் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் குத்தகையைச் சொல்வேன். 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலை, அதுவரை பல நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பில் இடம்பெறாதிருந்த குத்தகைகளை உள்ளே கொண்டுவந்தது. வாடகைக்கு எடுத்த விமானங்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த விமான நிறுவனம், அவற்றைப் பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாகவும், இனிக் கொடுக்க வேண்டிய வாடகையின் இன்றைய மதிப்பைக் கடனாகவும் காட்ட வேண்டியதாயிற்று. சலோன் கடையில் மனுச்சி எதிர்கொண்டது முன்னரே கொடுத்துவிட்ட வாடகையை. இங்கே இருப்பது இன்னும் கொடுக்காத வாடகை. குத்தகைக் காலத்தை எப்படித் தீர்மானித்தீர்கள், வருங்கால வாடகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி வட்டிவீதத்தை எங்கிருந்து எடுத்தீர்கள், வாடிக்கையாளர் சொன்னதை எந்த ஆவணத்தோடு ஒப்பிட்டீர்கள் என்று மாணவர் கேட்டால், பேசுபவர் விளம்பரத்தை விட்டுவிட்டுத் தொழிலைப் பேசத் தொடங்கிவிடுவார்.

அந்தத் தரநிலைகளை வகுக்கும் சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியம் லண்டனின் கேனரி வார்ஃப் பகுதியில் இயங்குகிறது. அதன் கூட்டங்களைப் பொதுமக்கள் பார்வையிடலாம். இலங்கை 2012 முதல் இத்தரநிலைகளைத் தழுவிய விதிகளைப் பின்பற்றி வருவதால், உங்கள் மாணவர்களுக்கு அது தங்கள் பாடம் உருவாகும் இடமே. ஒரு சொல்லுக்காக உறுப்பினர்கள் எவ்வளவு நேரம் வாதிடுகிறார்கள் என்று பார்ப்பது, அவ்விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை என்ற எண்ணத்தைப் போக்கிவிடும்.

லண்டனின் மூர்கேட்டில் 1893இல் திறக்கப்பட்ட பட்டயக் கணக்காளர் மன்றக் கட்டடத்தையும் பார்க்கலாம். ஆனால் அங்கே போவதற்கு முன் கிளாஸ்கோ நகர வங்கியின் கதையைச் சொல்லிவிடுங்கள். 1878இல் அது வீழ்ந்தபோது, இயக்குநர்கள் இருப்புநிலைக் குறிப்பைப் பொய்யாகத் தயாரித்து வந்தது வெளிப்பட்டது. வங்கியின் கடனுக்குப் பங்குதாரர்களே வரம்பின்றிப் பொறுப்பாளிகள் என்பதால் 1,819 பேரில் பெரும்பாலோர் தம் உடைமைகளை இழந்தார்கள். அடுத்த ஆண்டே, வரையறுத்த பொறுப்புள்ள வங்கிகளுக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு, 1880இல், இங்கிலாந்து வேல்ஸ் கணக்காளர்களுக்கு அரச பட்டயம் கிடைத்தது. இந்தக் கதை தெரியாமல் போனால் அந்தக் கட்டடம் வெறும் அழகான கல்.

கேள்வி: இத்தகைய பயணச் சான்றிதழ் சி.ஏ. (இந்தியப் பட்டயக் கணக்காளர்) அல்லது ஏ.சி.சி.ஏ. (பிரிட்டனின் பட்டயக் கணக்காளர் சங்கம்) படிப்பில் உதவுமா?
– சேலம் வாசகர்

பதில்: தேர்வுத் தாள்களில் விலக்கோ, சி.ஏ. மாணவர்களுக்கான இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியில் கழிவோ இதனால் கிடைக்காது. அப்படி யாரேனும் சொன்னால் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: வெளிநாடு போக வசதியில்லை. இங்கிருந்தே இவற்றில் எதையாவது கற்க முடியுமா?
– அரசுக் கலைக் கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: கணிசமான அளவுக்கு முடியும். தத்தினியின் கடிதங்களைப் பிராத்தோ காப்பகம் இணையத்தில் இட்டிருக்கிறது. பச்சோலியின் கணக்கியல் பகுதிக்கு ஆங்கில மொழிபெயர்ப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. 36 அதிகாரங்களே, ஒரு வாரத்தில் படித்துவிடலாம். ஏழாம் அதிகாரத்தை மட்டும் இருமுறை படியுங்கள். வணிகர் தம் ஏடுகளை வணிக அதிகாரியிடம் கொண்டுபோய், அவற்றை யார் கையெழுத்தில், எந்த நாணயத்தில் எழுதப்போகிறோம் என்று பதிவுசெய்து முத்திரை பெற வேண்டும் என்று அதில் வருகிறது.

ஃபிளாரன்ஸ் 1427இல் நடத்திய வரிக் கணக்கெடுப்பின் விவரங்களும் இணையத் தரவுத்தளமாக உள்ளன. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலம், வணிகம், கடன் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தது. குடியிருக்கும் வீட்டுக்கு வரி இல்லை. குடும்பத்தில் ஆளுக்கு 200 ஃபுளோரின் (ஃபிளாரன்ஸின் பொன் நாணயம்) வீதம் கழித்துக்கொள்ள இடமிருந்தது. அதை நம் வருமானவரிப் படிவத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு நான்கு பக்கக் கட்டுரை எழுதுங்கள். உங்கள் துறைத்தலைவர் அனுமதித்தால் அதையே பருவ ஒப்படைப்பாகக் கொடுக்கலாம். தரநிலை வாரியத்தின் கூட்டங்களும் இணையத்தில் நேரலையாக வருகின்றன; கட்டணம் கிடையாது.