பியானோ நோட்டு பேண்டுக்குப் போகும்போது: வாசகர் கேள்வி பதில்

எங்க பள்ளி பேண்ட்ல 4 கிளாரினெட், 2 ஆல்டோ சாக்ஸ், 1 டெனர் சாக்ஸ், 3 டிரம்பெட், 1 டிராம்போன், 1 யூபோனியம் இருக்குதுங்க. பீத்தோவனோட மூன்லைட் சொனாட்டா முதல் பகுதிய பியானோ நோட்டுல இருந்து அப்படியே எடுத்து எழுதிக் குடுத்தேன். பிள்ளைங்க திணறுறாங்க. எங்கீங்க தப்பு?
(இசை ஆசிரியர், பொள்ளாச்சி)

முதலில் ஸ்கேலை மாற்றுங்கள். மூலம் சி ஷார்ப் மைனர். பியானோவில் 4 ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி). பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் இறங்கி ஒலிக்கும்; அதற்கு அவ்வளவு ஏற்றி எழுத வேண்டும் என்பதால் அந்தப் பிள்ளையின் தாளில் 6 ஷார்ப். ஆல்டோ சாக்ஸுக்கு 7! அரை ஸ்வரம் இறக்கி சி மைனரில் வைத்தால் கிளாரினெட், டெனர், டிரம்பெட் மூன்றுக்கும் ஒரே ஒரு ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கும் குறி). ஆல்டோவுக்கு ஒன்றுமில்லை. பேஸ் கிளெஃபில் (கீழ் ஸ்வரங்களுக்கான குறியீட்டில்) படிக்கும் டிராம்போனுக்கும் யூபோனியத்துக்கும் 3 ஃபிளாட். அது அவர்களுக்குப் பழகிய இடம்தான்.

அடுத்து மூச்சு. பாருக்கு (ஒரு தாளக் கட்டத்துக்கு) 12 நோட்டு, டிரிப்லெட்டாக, அதாவது மும்மூன்றாக, நிற்காமல் ஓடுகிறது. எழுதியவர் விரலை நினைத்து எழுதியது. நான்கு கிளாரினெட்டையும் இரண்டிரண்டாகப் பிரித்து, இரண்டு பாருக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். விடும் ஜோடி அடுத்த பாரின் முதல் நோட்டையும் வாசித்துவிட்டு நிறுத்த வேண்டும். எடுக்கும் ஜோடி அதே நோட்டில் சேர வேண்டும். கல்யாணத்தில் இரண்டு நாயனக்காரர்கள் ஒருவர் விட ஒருவர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். மும்மூன்று நோட்டுக்கு ஒரு ஸ்லர் (ஒரே மூச்சில் இழைத்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) போடுங்கள்; ஒவ்வொன்றையும் நாக்கு வைத்து வாசித்தால் தையல் மெஷின் ஓடுவது போலிருக்கும்.

பலரும் கோட்டை விடுவது பெடலில். டாம்பர் (கம்பியின் ஒலியை அடக்கும் கட்டை) இல்லாமல், அதாவது பெடலை மிதித்து, வாசிக்கச் சொல்லி பீத்தோவன் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். தாளில் தனித்தனி நோட்டு, காதில் விழுவது முழு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு). அந்த மிச்ச ஒலியை நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். டெனரும் இரண்டாம் ஆல்டோவும் கார்டின் உள் ஸ்வரங்களை மிக மெதுவாக, நீளமாகப் பிடிக்கட்டும். முதல் இரண்டு பாரில் கார்ட் நகராது. 3-ஆம் பாரில் இரண்டு, 4-ஆம் பாரில் நான்கு என மாறும். நீள நோட்டும் அங்கங்கே மாற வேண்டும்.

இடது கை ஆக்டேவில் கீழ் நோட்டு டிரிக்கர் (கூடுதல் குழாயைத் திறக்கும் விசை) இல்லாத டிராம்போனுக்கு எட்டாது. டூபா இல்லாத உங்கள் பேண்டில் மேல் நோட்டு மட்டும் போதும்.

5-ஆம் பாரில் வரும் மெலடியை முதல் ஆல்டோவுக்கு, ஒரே ஆளுக்குக் கொடுங்கள். அந்த மெலடியில் நீள நோட்டுக்குப் பின் வரும் குட்டி நோட்டு, டிரிப்லெட்டின் மூன்றாம் நோட்டுக்கு அடுத்துதான் விழ வேண்டும். இரண்டையும் சேர்த்து வாசிப்பதுதான் வழக்கமான பிழை. டிரம்பெட்டுகள் முக்கால்வாசி நேரம் சும்மா இருக்கட்டும். பெற்றோர் வருத்தப்படுவார்கள், பாட்டு வருத்தப்படாது.

இடது கை கார்டுகளைப் பித்தளைக்கு எழுதினால் கொழகொழன்னு கேக்குதுங்க. ஏன்? (ஈரோடு)

பியானோவில் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கும். ஊதுகருவியில் அது அப்படியே நிற்கும், அதனால் கீழே நெருங்கி உட்கார்ந்த ஸ்வரங்கள் ஒன்றையொன்று அடைக்கின்றன. நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே போய்விட்டால் ஆக்டேவும் ஐந்தாம் ஸ்வரமும் மட்டும் வையுங்கள். மூன்றாம் ஸ்வரத்தை மேலே தூக்கி டெனர் சாக்ஸுக்குக் கொடுத்துவிடலாம். ஓர் ஆள் போதும்.

பழைய பாட்டுக்கு அனுமதி வாங்கோணுங்களா? (திருப்பூர்)

நம் நாட்டில் இசையமைத்தவர் காலமாகி 60 ஆண்டு கழிந்தால் வேண்டாம். பீத்தோவன் காலமானது 1827. ஆனால் யாரோ அண்மையில் பேண்டுக்கு மாற்றி எழுதி விற்கும் தாளுக்குத் தனி உரிமை உண்டு, ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். முஸோர்க்ஸ்கி 1874-ல் பியானோவுக்கு எழுதிய 'ஒரு கண்காட்சியின் ஓவியங்கள்' படைப்பை ராவெல் 1922-ல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். ராவெல் காலமானது 1937, ஆகவே அதுவும் இங்கே கட்டற்றதே. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'பழைய கோட்டை' மெலடியை அவர் ஆல்டோ சாக்ஸுக்குத் தந்திருக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம்.