எடை குறையவில்லை என்றால் வாக்கிங் வீணா?

கேள்வி: எனக்கு வயது 49. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆகிவிட்டது. மெட்டபாலிக் சிண்ட்ரோம் (வயிற்றுக் கொழுப்பு, பிரஷர், சுகர், ரத்தக் கொழுப்பு எனப் பல சிக்கல்கள் சேர்ந்து வரும் நிலை) என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ., பிரஷர் 136/88, வெறும் வயிற்றில் சுகர் 112, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 190. மூன்று மாதமாகத் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. வீட்டு வேலையும் நாள் முழுக்க இருக்கிறது. இனியும் நடக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, கரூர்

பதில்: நடக்கத்தான் வேண்டும், அம்மா. எடை மெஷினை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பிரச்சினையில் முதலில் அடி வாங்குவது ரத்தக்குழாய்.

ரத்தக்குழாயின் உட்புறத்தில் எண்டோதீலியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அது சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு குழாயைத் தளர்த்தி விரிய வைக்கும் (இதைக் கண்டறிந்ததற்குத்தான் 1998 நோபல் பரிசு). வயிற்றுக் கொழுப்பு, சுகர், பிரஷர் மூன்றும் சேரும்போது இந்தச் சுரப்பு குறைகிறது, குழாய் விறைக்கிறது. மாதவிடாய் நின்றதும், ரத்தக்குழாய்க்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் தந்த உதவியும் போய்விடும். அதனால் உங்கள் வயதில் பலன் கொஞ்சம் மெதுவாகத் தெரியலாம்.

வேகமாக நடக்கும்போது ரத்தம் குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு பாய்கிறது. அந்த உரசல்தான் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் சொல்லும் கட்டளை. எடை குறையாவிட்டாலும் இது நடக்கும். நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவர்களை 16 வாரம் பயிற்சி செய்ய வைத்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே சீராக நடந்தவர்களுக்கும், நான்கு நிமிட வேகமும் மூன்று நிமிட நிதானமுமாக மாற்றி மாற்றிச் செய்தவர்களுக்கும் எடை கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் குறைந்தது. ஆனால் ரத்தக்குழாய் விரியும் திறன் இரண்டாவது குழுவுக்கே அதிகம் கூடியது.

வீட்டு வேலை உடம்பை அசைக்கும், அலுப்பும் தரும். ஆனால் விட்டு விட்டுச் செய்வதால் இதயத் துடிப்பு தொடர்ந்து உயர்ந்து நிற்காது. அதை வாக்கிங் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்போது நடக்கும் வேகம் எப்படி? பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. ஆற அமரக் கதை பேசிக்கொண்டே நடக்கும் மெதுநடை இதற்குப் போதாது! வாரம் 150 நிமிடம் குறைந்தபட்சம். சில வாரம் பழகிய பிறகு, உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நடுநடுவே ஓரிரு நிமிடம் வேகத்தைக் கூட்டுங்கள். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து இடைவெளி விடாதீர்கள். கிடைத்த பலன் சீக்கிரம் கரைந்துவிடும்.

மெஷினுக்குப் பதிலாக டேப்பை எடுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டு மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து குறித்து வையுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகர், கொழுப்பு பார்த்தால் போதும். ரத்தக்குழாய் விரிவைப் பார்க்கும் ஸ்கேன் ஆராய்ச்சிக்கானது, அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல், தலைச்சுற்றல் வந்தால் அங்கேயே நின்று, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.